தன் நடையைத் தானே திருடலாமா?



ஒருவர் தமது பொருளைத் தாமே திருட முடியுமா? பட்டிமன்றத்துக்கென யாரோ தேடிப்பிடித்த தலைப்புப் போலத் தோன்றும் இக்கேள்வி, 1988 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரத்து நீதிமன்றம் ஒன்றில் மெய்யாகவே விசாரணைக்கு வந்தது. எதிராளி, ஜோன் போகர்ட்டி என்ற ரொக் இசைப் பாடகர். 1985 இல் அவர் வெளியிட்ட பாடல் ஒன்று, 1970 இல் வெளியான வேறொரு பாடலின் நகல் என்பது வழக்காளியின் முறைப்பாடு. அந்தப் பழைய பாடலை எழுதி, மெட்டமைத்து, பாடியவர் யார் என்றால், அவரும் இதே ஜோன் போகர்ட்டிதான்.

தமிழாசிரியர் ஒருவருக்கு ரொக் இசையில் என்ன வேலை என்று உங்களிற் சிலர் வியக்கக்கூடும். அவ்விசையில் எனக்கு முறையான பயிற்சி எதுவும் இல்லை. கேட்டுப் பழகிய காது மட்டுமே உண்டு. ஆயினும், 'நடை' என்ற சொல்லை நாள்தோறும் வகுப்பறையில் உச்சரிப்பவன் நான். இன்னாரின் நடை எளிமையானது, இன்னாரின் நடை இறுக்கமானது என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிறோம். பரீட்சை விடைத்தாளில் பெயர் இராது. சுட்டெண் மட்டுமே இருக்கும். அப்படியிருந்தும், கையெழுத்தை மறைத்துத் தட்டச்சிலே தந்தாற்கூட, மூன்றாவது வாக்கியத்தில் "இது இன்னான் எழுதியது" என்று அவனுக்குப் படிப்பிக்கும் ஆசிரியருக்குத் தெரிந்துவிடும். எழுதியவனை இப்படிக் காட்டிக்கொடுப்பது எதுவோ, அதையே நான் நடை என்கிறேன். அந்த நடை யாருக்கு உரித்தானது என்பதை நீதிமன்றம் வரை கொண்டுபோன ஒரு கதை என்பதனாலேயே, இதனை இவ்விலக்கியத் தொடரிலே பேசத் துணிந்தேன்.

போகர்ட்டி 1945 இல் கலிபோர்னியா மாநிலத்தின் பேர்க்லி நகரிலே பிறந்தவர். அண்ணன் ரொம் போகர்ட்டி, பாடசாலைத் தோழர்களான ஸ்ரூ குக், டக் கிளிபர்ட் ஆகியோருடன் சேர்ந்து அவர் பாடிய குழுவின் பெயர் 'கிரீடன்ஸ் கிளியர்வோட்டர் ரிவைவல்'. 1968 முதல் 1972 வரையான குறுகிய காலத்தில் ஏழு இசைத்தட்டுகளை இக்குழு வெளியிட்டது. 1969 ஆம் ஆண்டில் மட்டும் மூன்று. அமெரிக்காவில் பாடல்களின் விற்பனையை வரிசைப்படுத்தும் 'பில்போர்ட்' சஞ்சிகையின் பட்டியலில் இவர்களது பாடல்கள் ஐந்து தடவை இரண்டாம் இடத்துக்கு வந்தன; முதலிடம் ஒருபோதும் கிட்டவில்லை. இப்படியான ஒரு குழு வேறு இருக்குமோ தெரியாது. விற்பனைக் கணக்கு எப்படியாயினும், அரை நூற்றாண்டு கடந்தும் 'பிரவுட் மேரி' பாடப்படுகிறது.

இக்குழுவின் பாடல்களில் ஓர் ஊர் இருக்கிறது. சேற்று நிலம், ஆற்றுப் படகு, இருண்ட மரங்கள், சூனியம் பேசும் கிழவர்கள். அமெரிக்காவின் தென்பகுதியில் உள்ள லூசியானா மாநிலத்தின் சதுப்பு நிலம் அது. போகர்ட்டி வளர்ந்ததோ, அங்கிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீற்றருக்கு அப்பால், கலிபோர்னியாவில். "இவர் பார்க்காத ஊரைப் பாடுகிறாரே, இது போலி அல்லவா?" என்று கேட்டவர்கள் உண்டு. நெய்தலைப் பாடிய புலவர்கள் அனைவரும் கடற்கரையிலே குடியிருந்தவர்கள் என்று நாம் கொள்வதில்லை. நிலம் என்பது பாட்டுக்கு ஒரு பின்னணி. அதனைப் புலவன் கேள்வியாலும் கற்பனையாலும் கட்டிக்கொள்கிறான். போகர்ட்டி தமது சதுப்பு நிலத்தை அவ்வாறுதான் கட்டினார். கரகரத்த குரல், மூக்கால் இழுத்து உச்சரிக்கும் சொற்கள், அடித்தொண்டையில் இருந்து வெடிக்கும் கூவல், அதற்கு மறுமொழி சொல்வது போன்ற கிற்றார். இவை நான்கும் சேர்ந்ததே அவரது நடை. இதனை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வரும் வழக்கு முழுவதும் இதைப் பற்றியதுதான்.

வழக்குக்கு வந்த பழைய பாடலின் பெயர் 'ரன் துரூ த ஜங்கிள்', காட்டினூடாக ஓடு என்று பொருள். 1970 இல் வந்த 'கொஸ்மோஸ் பக்ரறி' என்ற இசைத்தட்டில் உள்ளது. தொடக்கத்திலேயே காட்டின் ஓசைகள் போன்ற சில விசித்திர ஒலிகள் வரும். கிற்றாரையும் பியானோவையும் பதிவுசெய்து அந்த நாடாவைப் பின்னோக்கி ஓடவிட்டு உண்டாக்கிய ஒலிகள் அவை. வியட்நாம் யுத்தம் நடந்துகொண்டிருந்த காலம். காடு, ஓட்டம், அச்சம் என்றதும் இது வியட்நாமைப் பற்றிய பாடல் என்றே கேட்டோர் தீர்மானித்துவிட்டனர். யுத்தத்துக்குப் போன படைவீரர்களும் அப்படியே எண்ணினர். போகர்ட்டியோ, தமது சொந்த நாட்டுக்குள்ளே துப்பாக்கிகள் மலிந்து கிடப்பதையே தாம் பாடியதாகப் பிற்காலத்தில் விளக்கினார். விளக்கியும் பயனில்லை. திரைப்படங்களில் வியட்நாம் யுத்தக் காட்சி வந்தால் இக்குழுவின் பாட்டொன்று பின்னணியில் ஒலிப்பது இன்றளவும் ஒரு வழமையாகிவிட்டது.

இனி முறிவு. 1971 இல் அண்ணன் குழுவை விட்டு விலகினார். மறு ஆண்டு குழுவே கலைந்தது. ஆனால் குழு கலைந்தாலும் ஒப்பந்தம் கலையவில்லை. இவர்களது இசைத்தட்டுகளை வெளியிட்ட 'பான்ரசி' கொம்பனியுடன் இளவயதிற் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, பாடல்களின் வெளியீட்டு உரிமை கொம்பனியிடம் போயிருந்தது. இன்னும் பல பாடல்கள் எழுதிக் கொடுக்கவேண்டிய கடமையும் இருந்தது. அதிலிருந்து விடுபடுவதற்காக, பழைய இசைத்தட்டுகளால் தமக்கு வரவேண்டிய பங்குப் பணத்தையே போகர்ட்டி விட்டுக்கொடுத்தார். கொம்பனியின் தலைவர் சோல் சயன்ற்ஸ். இவரை ஒரு சாதாரண வியாபாரி என்று எண்ணிவிடக் கூடாது. மொசாற் என்ற மாபெரும் இசைமேதையின் கதையைச் சொல்லும் 'அமேடியஸ்' திரைப்படத்தைத் தயாரித்தவர் இவரே.

1975 இல் ஓர் இசைத்தட்டு வெளிவந்தது. 1976 இல் தயாரித்த அடுத்தது வெளியிடப்படவே இல்லை. அதன் பின்னர் மௌனம். ஒரு வருடம், இரண்டு வருடம் அல்ல. முப்பது வயதுக்காரர் ஒருவர் நாற்பதை எட்டும் வரை நீடித்த மௌனம். ஒரு பாடகருக்கு இது மிகச் செழிப்பான பருவம் என்பதை நினைத்துப் பாருங்கள்.

1985 ஜனவரியில் 'சென்ரபீல்ட்' என்ற இசைத்தட்டு வந்தது. ஒன்பது பாடல்கள். அனைத்தையும் எழுதியவர் அவர். அனைத்து வாத்தியங்களையும் ஒவ்வொன்றாகத் தாமே வாசித்துப் பதிவுசெய்தவரும் அவர். தலைப்பு, பேஸ்போல் விளையாட்டில் வெளிக்களத்தின் நடுப்பகுதியில் நிற்கும் வீரரின் இடத்தைக் குறிப்பது. தலைப்புப் பாடலில், வெளியே வாங்கில் குந்தியிருந்து சலித்துப்போன விளையாட்டு வீரன் ஒருவன், தன்னைக் களத்தில் இறக்குமாறு பயிற்றுநரிடம் கெஞ்சுகிறான். பத்து வருடம் பாடாதிருந்த ஒருவர் இதனைப் பாடும்போது அது விளையாட்டைப் பற்றிய பாட்டு மாத்திரமாக எப்படி இருக்கும்? அமெரிக்க இரசிகர்கள் அதனை உடனே விளங்கிக்கொண்டனர். அவ்வாண்டு மார்ச் மாதத்தில் இசைத்தட்டு விற்பனைப் பட்டியலில் இது முதலாம் இடத்துக்கு வந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே மார்ச் மாதத்திலேதான் சயன்ற்ஸின் 'அமேடியஸ்' சிறந்த படத்துக்கான ஒஸ்கார் விருதைப் பெற்றது. இருவரும் ஒரே மாதத்தில் தத்தம் சிகரத்தில் நின்றார்கள்.

இனிக் கேட்டோரின் அபிப்பிராயங்களுக்கு வருவோம். இந்த இசைத்தட்டைப் பற்றிப் பேசுவோரை நான் நெடுநாளாகக் கவனித்து வந்திருக்கிறேன். அவர்கள் பெரும்பாலும் இரு பக்கமாகப் பிரிந்து நிற்பார்கள். ஒரு பக்கத்தார், "அந்தப் பழைய குரல் திரும்ப வந்துவிட்டது" என்று மகிழ்வர். மற்றப் பக்கத்தார், "அந்தப் பழைய குரல்தானே வந்திருக்கிறது, புதிதாக என்ன இருக்கிறது?" என்று உதட்டைப் பிதுக்குவர். இரண்டு கூற்றுக்கும் பொருள் ஒன்றுதான். சொல்லும் தொனி மாத்திரமே வேறு. எனது நண்பர் ஒருவர் கலியாண வீடுகளிலே கிற்றார் வாசிப்பவர். அவர் ஒரே மூச்சில் இரண்டையும் சொல்வார். "பழைய மாதிரி இல்லையென்றால் ஆர் மச்சான் கேட்பினம்?" என்பார். சற்று நேரத்தில், "எல்லாம் பழைய சரக்குத்தான்" என்பார். நாமும் அப்படித்தான். நமக்குப் பிரியமான ஓர் எழுத்தாளர் பல வருடம் எழுதாதிருந்து ஒரு நாவலைத் தந்தால், அவரது முதல் நாவலைப் படித்த அந்த வயதையும் சேர்த்துத் திருப்பித் தருவார் என்று எதிர்பார்க்கிறோம். தராவிட்டால் மாறிவிட்டார் என்கிறோம். தந்துவிட்டால் வளரவில்லை என்கிறோம்.

என்னைக் கேட்டால், இந்த ஒன்பதும் ஒரே தரத்தன அல்ல. தலைப்புப் பாடலும், மெம்பிஸ் நகரத்துப் புகையிரதத்தை வைத்துத் தமது இளமைக்கால ரொக் இசையை நினைவுகூரும் பாடலும் நெஞ்சில் நிற்பவை. தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் வளர்ந்த ஒரு தலைமுறையின் கதையைச் சொல்லும் பாடலும் உண்டு. அது இதுவரை போதிய கவனத்தைப் பெறவில்லை என்பது எனது எண்ணம். ஆனால் பழைய கொம்பனித் தலைவரைத் தாக்கும் இரு பாடல்கள் வெறும் கோபம். அவற்றுள் ஒன்று, சயன்ற்ஸின் பெயரைச் சாடையாகச் சுட்டி, ஆட மாட்டாத ஆனால் பணத்தைக் களவெடுக்கும் ஒரு பன்றியைப் பற்றியது. மானநட்ட வழக்கு வந்தது. பின்வந்த பதிப்புகளிலே பெயரின் முதலெழுத்தை மாற்றிப் பாடவேண்டியதாயிற்று. வசை பாடுவதும் ஒரு கலை. நமது தனிப்பாடற் புலவர்கள் அதில் வல்லவர்கள். அவர்களது வசையில் எதிரியைக் காட்டிலும் மொழிதான் முன்னுக்கு நிற்கும். போகர்ட்டியின் வசையிலோ எதிரி மாத்திரமே நிற்கிறார்.

முதலிரு பக்கத்தாருக்கும் அப்பால், மூன்றாவதாக ஒரு கேட்போர் இருந்தார். அவர்தான் பான்ரசி கொம்பனி. இசைத்தட்டின் முதற்பாடலான 'த ஓல்ட் மான் டவுன் த ரோட்' என்பதைக் கேட்ட கொம்பனி, இது எமக்குச் சொந்தமான காட்டுப் பாடலேதான், சொற்களை மட்டும் மாற்றியிருக்கிறார் என்று 1985 இல் பதிப்புரிமை வழக்குத் தொடுத்தது. "பழையதைத்தானே திரும்பப் பாடுகிறார்" என்று விமர்சகர் எழுதினால் அது ஓர் அபிப்பிராயம். அதே வாக்கியத்தைச் சட்டத்தரணி எழுதினால் அது குற்றச்சாட்டாகிவிடுகிறது.

இவ்விடத்திலே எனது பாடசாலை அனுபவம் ஒன்றைச் சொல்லலாம். நடை பற்றிய பாடம் முடிந்த ஒரு பிற்பகலில், உயர்தர வகுப்பு மாணவர் சிலரை மறித்துவைத்து, சிறியதோர் ஒலிபெருக்கியில் இவ்விரு பாடல்களையும் போட்டுக் காட்டினேன். பாடியவர் பெயரையோ ஆண்டையோ சொல்லவில்லை. ஆங்கிலச் சொற்கள் பலருக்குப் பிடிபடவில்லை. அது நல்லதாய்ப் போயிற்று. இரண்டும் ஒன்றா, வேறா என்று ஒரு தாளில் எழுதச் சொன்னேன். ஒரே ஆள் பாடியது என்பதிற் பெரும்பாலும் எவருக்கும் ஐயமில்லை. ஒரே பாட்டு என்று எழுதியவர்கள் மிகச் சிலர். ஒருவன் 'அண்ணன் தம்பி மாதிரி' என்று எழுதி, அதன் கீழே 'முகம் ஒன்று, ஆள் வேறு' என்று விளக்கமும் சேர்த்திருந்தான். மிருதங்கம் பயிலும் மாணவன், தாளம் ஒரே ஓட்டத்தில் இருந்தாலும் இரண்டாவதில் ஆள் ஆறுதலாக நடக்கிறார் என்றான். எனக்கு மிகவும் பிடித்தது ஒரு பிள்ளையின் பதில்: முதலாவது பாட்டில் பாடுகிறவர் பயந்து ஓடுகிறார், இரண்டாவதில் அவர் மற்றவர்களைப் பயப்படுத்துகிறார். சொற்கள் தெரியாமலே அவன் இரு பாடல்களின் பொருளையும் தொட்டுவிட்டான். முதலாவதில் ஓடச் சொல்லும் எச்சரிக்கை. இரண்டாவதில் தெருவிலே பாம்புத்தோல் போர்த்த பெட்டியுடன் எதிர்ப்படும் ஒரு கிழவன். வாசலில் நின்று கேட்ட எமது சங்கீத ஆசிரியை, "சேர், ஒரே இராகத்தில் ரெண்டு கீர்த்தனை என்று சொன்னால் முடிந்துபோகிற விசயத்துக்கு ஏன் வழக்கு?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அவர் கேட்டது சரியான கேள்வி. நமது தேவாரங்களைப் பண்முறையாக வகுத்து வைத்திருக்கிறோம். ஒரே பண்ணிலே பல பதிகங்கள் உள்ளன. ஓதுவார் ஒருவர் ஒரே பண்ணில் அடுத்தடுத்து இரு பதிகங்களைப் பாடும்போது, ஒன்று மற்றதன் நகல் என்று எவரும் சொல்வதில்லை. பண் பொதுவுடைமை. அதுபோலவே யாப்பும். வெண்பாவைத் தனியுடைமையாக எவரும் பதிவுசெய்ததில்லை. ஆனால் நமது மரபில் விடை எளிதாகக் கிடைப்பதற்கு ஒரு காரணம், பண்ணும் யாப்பும் ஒரு தனி மனிதர் உண்டாக்கியவை அல்ல. போகர்ட்டியின் சதுப்பு நிலத்து நடையோ பெருமளவுக்கு அவரே கட்டியது. அவர் எதனைப் பாடினாலும் அது ஒலிக்கும். அப்படியாயின் கொம்பனியிடம் பாடல்களை ஒப்படைத்த அன்றே, இனிவரும் காலமெல்லாம் தமது குரலிற் பாடும் உரிமையையும் அவர் ஒப்படைத்துவிட்டாரா?

1988 இல், ஜூரிகளின் முன்னிலையில் இது விசாரிக்கப்பட்டபோது, போகர்ட்டி கிற்றாரைத் தூக்கிக்கொண்டு சாட்சிக் கூண்டில் ஏறினார். தாம் பாடல் அமைக்கும் முறையை அங்கேயே வாசித்தும் பாடியும் காட்டினார். இன்ன இடத்தில் இரண்டும் ஒத்துப்போகின்றன, அது இவ்வகை இசைக்கே பொதுவான பிரயோகம். இன்ன இடத்தில் பிரிகின்றன என்று விளக்கினார். எத்தனையோ அரங்குகளைக் கண்டவர் அவர். 1969 இல் வூட்ஸ்ரொக் இசைவிழாவிலும் பாடியவர். ஆயினும் தமது எதிர்காலமே தங்கியிருந்த அரங்கு இதுவாகத்தான் இருந்திருக்கும். ஜூரிகள் இசை விமர்சகர்கள் அல்லர், சாதாரணக் கேட்போர். அவர்கள் போகர்ட்டிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தார்கள். எனது மாணவர் சொன்னதும் அவர்கள் சொன்னதும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

வழக்கு அத்துடன் முடியவில்லை. வென்றாலும் சட்டத்தரணிகளின் கட்டணம் பெருந்தொகையாக ஏறிவிட்டது. அக்காலத்தில் அமெரிக்க நீதிமன்றங்கள் பலவற்றில், பதிப்புரிமை வழக்கில் வழக்காளி வென்றால் செலவுத்தொகை இலகுவில் கிடைக்கும். எதிராளி வென்றாலோ, வழக்கு அற்பமானது அல்லது கெட்ட எண்ணத்தோடு தொடுக்கப்பட்டது என்று நிரூபிக்க வேண்டும். இந்த ஏற்றத்தாழ்வு நியாயமா என்று கேட்டு, விடயம் அமெரிக்க உயர் நீதிமன்றம் வரை போனது. 1994 மார்ச் 1 ஆம் திகதி, இரு தரப்பாரையும் ஒரே அளவுகோலால் அளக்க வேண்டும் என்று அந்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பின்னர் 13 இலட்சம் டொலருக்கும் அதிகமான தொகை அவருக்குச் செலவாக வழங்கப்பட்டது. பதிப்புரிமைச் சட்டம் பயிலும் மாணவர்கள் இன்றும் படிக்கும் தீர்ப்பு இது. தான் தானாகப் பாடியதற்காக ஒருவர் ஒன்பது வருடங்கள் அலைந்தார் என்பதே எனக்கு இதிலுள்ள விடயம்.

கேட்போர் பக்கம் திரும்புவோம். அவர்களுக்கும் இதில் ஓர் இழப்பு இருந்தது. 1986 இல் போகர்ட்டி அடுத்த இசைத்தட்டை வெளியிட்டு, ஊர் ஊராகச் சென்று பாடினார். பழைய குழுவின் பாடல் ஒன்றைத்தானும் அவர் பாட மறுத்துவிட்டார். அப்பாடல்கள் ஒலிக்குந்தோறும் பழைய கொம்பனிக்குப் பணம் போகும் என்ற கசப்பு. தமது பெயரை உலகம் அறியச் செய்த பாடல்களையே தமது வாயால் உச்சரிக்காது விடுவது எவ்வளவு பெரிய வைராக்கியம்! ஆனால் நுழைவுச்சீட்டு வாங்கி வந்து அமர்ந்திருப்பவருக்குக் கொம்பனி ஒப்பந்தம் எதற்கு? அவர் 'பிரவுட் மேரி' கேட்க வந்தவர். புதிய பாடல்களும் எடுபடவில்லை. 'சென்ரபீல்ட்' தேடித்தந்த நல்ல பெயர் ஓராண்டுக்குள் மங்கத் தொடங்கியது.

அவரது பிடிவாதம் தளர்ந்தது 1987 இல். லொஸ் ஏஞ்சல்ஸில் ஒரு சிறிய இசையரங்கில், பொப் டிலன், ஜோர்ஜ் ஹரிசன் ஆகியோருடன் தற்செயலாக அவர் மேடையேற நேர்ந்தது. நீ இதைப் பாடாவிட்டால் 'பிரவுட் மேரி' ரீனா ரேணரின் பாட்டு என்றே உலகம் நினைத்துக்கொள்ளும் என்ற கருத்துப்பட டிலன் எச்சரித்ததாகப் போகர்ட்டி பல தடவை கூறியிருக்கிறார். ரீனா ரேணர் அப்பாடலைத் தமக்கே உரிய வேகத்திற் பாடிப் புகழ்பெற்றவர் என்பதை நேயர்கள் அறிவீர்கள். அன்று போகர்ட்டி அதைப் பாடினார். அதே ஆண்டு ஜூலை 4 ஆம் திகதி, அமெரிக்கச் சுதந்திர தினத்தன்று, வியட்நாம் யுத்தத்திலிருந்து மீண்ட படைவீரர்களுக்காக நடந்த நிகழ்ச்சியில் பழைய பாடல்களை வரிசையாகப் பாடினார். காட்டுப் பாடலைத் தங்கள் பாடல் என்று தவறாகப் புரிந்துகொண்ட அதே கேட்போர் கூட்டம்! தவறு என்று சொல்லிவிட்டேன். ஆனால் அதை அவ்வளவு இலகுவாகத் தவறென்று தள்ளலாமா என்றும் தோன்றுகிறது. அந்த வீரர்கள் அப்பாடல்களுடன் காடுகளிலே இருந்திருக்கிறார்கள். கவிஞர் தமது பாட்டுக்குத் தரும் உரை ஓர் உரை. அதனோடு வாழ்ந்தவர்கள் தரும் உரை இன்னோர் உரை. ஒரே செய்யுளுக்கு இரண்டு மூன்று உரைகளை ஏற்றுப் பழகியவர்கள் நாம்.

பிற்காலம் அவருக்குச் சற்று இணக்கமாகவே அமைந்தது. 1997 இல் வந்த 'புளூ மூன் சுவாம்ப்' என்ற இசைத்தட்டுக்குக் கிராமி விருது கிடைத்தது. அதன் தலைப்பிலேயே மறுபடியும் சதுப்பு நிலம். இந்தத் தடவை யாரும் வழக்குப் போடவில்லை. 2004 இல் பான்ரசி வேறு கொம்பனியின் கைக்கு மாறியபோது, அவர் முன்னர் விட்டுக்கொடுத்த பங்குப் பணம் மீளக் கிடைக்கத் தொடங்கியது. 2010 இல் பேஸ்போல் விளையாட்டுக்கான கீர்த்தி மண்டபம் 'சென்ரபீல்ட்' பாடலைக் கௌரவித்தது. சயன்ற்ஸ் 2014 இல் காலமானார். 2023 இல், அரை நூற்றாண்டுப் போராட்டத்தின் பின், தமது பழைய பாடல்களின் வெளியீட்டு உரிமையிற் பெரும்பங்கைப் போகர்ட்டி திரும்பப் பெற்றார். அப்போது அவருக்கு வயது 77.

உரிமை கைக்கு வந்ததும் அவர் செய்த காரியம் சுவாரசியமானது. 2025 இல், எண்பது வயதிலே, பழைய குழுவின் பாடல்களில் இருபதை மீண்டும் பாடிப் புதிதாகப் பதிவுசெய்து வெளியிட்டார். 'ஜோனின் பதிப்பு' என்று அதற்கு அடைமொழியும் இட்டார். முன்னொரு காலம் தம்மைத் தாமே நகல் செய்ததாகக் குற்றஞ்சாட்டப்பட்டவர், இப்போது மனமறிந்து, முழுச் சம்மதத்துடன், தம்மைத் தாமே நகல் செய்கிறார். கேட்போர் இம்முறையும் இரு பக்கம்தான். "அச்சொட்டாக அப்படியே இருக்கிறது, பிறகு எதற்கு இது?" என்கிறார்கள் சிலர். "என்ன இருந்தாலும் பழையது போல வராது" என்கிறார்கள் வேறு சிலர். எனது கிற்றார் நண்பர் வழக்கம்போல இரண்டையும் சொன்னார்.

நான் இரண்டு பதிவுகளையும் மாறி மாறிக் கேட்டேன். முதற் பதிவின் ஒவ்வோர் அடியையும் அவர் எவ்வளவு கவனமாகப் பின்பற்றுகிறார் என்பது வியப்பாகவே இருந்தது. அவ்வளவு கவனம் தேவையில்லை என்றும் பட்டது. எண்பது வயதுக் குரலுக்கு அதற்கேயுரிய ஒரு தளர்ச்சி உண்டு. அதனை இன்னும் சற்று வெளியே விட்டிருக்கலாம். ஆனால் இது இன்னொரு கேட்போனின் அபிப்பிராயம், அவ்வளவுதான். அவர் யாருக்குப் பதில் சொல்வதற்காக இதனைப் பாடினார் என்பது நமக்குத் தெரிந்திருக்கிறது. நமக்காக அல்ல.

1969 இல் வெளியான 'பிரவுட் மேரி'யின் பதிவிலே, பாட்டுக்குத் துணையாக இடைவிடாது ஒலிக்கும் இரண்டாவது கிற்றாரை வாசித்தவர் அண்ணன் ரொம். பிற்கால வழக்குகளிலும் பிணக்குகளிலும் அவர் தம்பியின் பக்கம் நிற்கவில்லை. மனத்தாங்கல் தீராமலே 1990 இல் காலமானார். புதிய பதிவிலே தகப்பனுடன் சேர்ந்து வாசிப்பவர்கள் போகர்ட்டியின் பிள்ளைகளான ஷேனும் ரைலரும். பெரியப்பா வாசித்தது போலவேதான் வாசிக்கிறார்கள்.